கம்பெனி பூட்டியிருந்த நாட்கள்

எங்கள் ஏழாயிரம்பண்ணைக்கு டாக்டர் நவ்ஷாத் முதலில் வந்தது ஒரு மாசி மாத ஞாயிற்றுக்கிழமை. பட்டாசுக் கம்பெனிக்கு ஆளேற்றும் வேன்கள் நிற்கிற இடத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். விருதுநகரில் பருப்பு வியாபாரம் செய்யும் குடும்பத்துப் பிள்ளை. மதுரையில் அறுவை சிகிச்சை டாக்டர். பித்தப்பையிலும் பித்தக்குழாயிலும் வருகிற புற்றுநோய்தான் அவருடைய ஆராய்ச்சி. அவரிடம் வந்தவர்களில் பெரும்பாலோர் கத்தி வைக்க முடியாத நிலையில் வந்தார்கள். ஏன் இவ்வளவு பிந்தி வருகிறார்கள் என்று தேடித்தான் ஊர் ஊராக அலைந்தார்.

பித்தக்குழாய் அடைபட்டால், சிலருக்குக் கண் மஞ்சளாகும் முன்பே உடம்பு அரிக்கத் தொடங்கிவிடும். அதனால் வரிசையில் வந்த எல்லோரிடமும் அரிப்பு இருக்கிறதா என்று கேட்டார். கேட்ட அத்தனை பேரும் இருக்கிறது என்றார்கள்.

"பட்டாசுக் கம்பெனில வேல பாக்கிறவளுக்கு அரிக்கலன்னாத்தான்யா சீக்கு," என்றாள் மாடத்தி. பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள். வெடிமருந்து அடைக்கிற வேலை அவளுக்கு. நகக்கண்ணில் கந்தக மஞ்சள், முழங்கை வரை அலுமினியத் தூளின் வெள்ளி. கையெல்லாம் சொறிந்த கோடுகள். நவ்ஷாத்தும் சிரித்துவிட்டார். ஒரு களிம்பு கொடுத்து அனுப்பினார்.

ஊருக்கே இருப்பதைக் கேட்டு என்ன கண்டுபிடிப்பது என்று, அடுத்த ஊரில் அந்தக் கேள்வியையே விட்டுவிட்டார்.

ஆடியில் பக்கத்து ஊர்க் கம்பெனி ஒன்று வெடித்து நாலு பேர் செத்தார்கள். சோதனை என்று சுற்றுவட்டாரக் கம்பெனிகளை எல்லாம் பூட்டிவிட்டார்கள். பெண்களின் கைகள் கழுவிய பாத்திரம் போல் வெளுத்தன, அரிப்பும் நின்றது. மாடத்தி மட்டும் கெண்டைக்காலில் ரத்தம் வரச் சொறிந்துகொண்டிருந்தாள்.

"பழைய வெடிமருந்து உள்ள ஊறிக் கெடக்கு. போகப் போக எறங்கும்," என்றான் புருஷன் ஊர்க்காவலன். அவளும் அப்படித்தான் நினைத்தாள். கம்பெனி திறந்ததும் தீபாவளி லோடுக்கு ஓடினாள். புரட்டாசியில் கண் மஞ்சளானபோது கீழாநெல்லி அரைத்துக் குடித்துப் பத்தியம் இருந்தாள். சீசன் முடிந்துதான் மதுரைக்கு வந்தாள். சேலை இடுப்பில் நிற்கவில்லை.

"எங்கூருக்கு வந்தீகளேய்யா. களிம்பெல்லாம் குடுத்தீக," என்றாள் நவ்ஷாத்தைப் பார்த்ததும்.

அவருக்கு அந்தச் சிரிப்பு நினைவு வந்தது. "அப்பவே அரிச்சதாக்கா?"

"ஆமா."

"ஆடியில கம்பெனி பூட்டியிருந்தப்ப நின்னுச்சா?"

"மத்தவளுகளுக்கு நின்னுபோச்சு. எனக்கு அதிகமாத்தான் ஆச்சு."

நவ்ஷாத் ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தார்.

ஸ்கேனில் கட்டி எடுக்கலாம் போலவும் தெரிந்தது, எடுக்க முடியாது போலவும் தெரிந்தது. வயிற்றைத் திறந்து பார்த்துவிடுவது என்று முடிவு செய்தார். திறந்ததும் தெரிந்துவிட்டது. ஈரலுக்குப் போகிற ரத்தக் குழாயைக் கட்டி சுற்றிப் பிடித்திருந்தது. ஈரலின் மேலெல்லாம் வெள்ளைப் பொட்டுகள். இனி அறுத்துப் பயனில்லை. பித்தம் வடிய ஒரு குழாயை மட்டும் வைத்துத் தைத்தார்.

வெளியே ஊர்க்காவலன் எழுந்து நின்றான். "எடுத்துட்டீகளாய்யா?"

"எடுக்க முடியலண்ணே. பரவிருச்சு."

"மாசியிலயே வந்திருந்தா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். நவ்ஷாத் அப்படிச் சொல்லவில்லை. "எடுத்திருக்கலாம்னுதான் நெனைக்கேன். அவுக என்கிட்டச் சொன்னாக. நான்தான் காதுல போட்டுக்கல."

ஊர்க்காவலன் துண்டால் முகத்தைத் துடைத்தான். "நாங்களும் வெடிமருந்துதான்னு இருந்துட்டோமேய்யா," என்றான்.

பித்தம் வடிந்ததும் அரிப்பு நின்றது. பல மாதத்துக்குப் பிறகு மாடத்தி நன்றாகத் தூங்கினாள். தைப் பொங்கலுக்கு முந்தின வாரம் செத்துப்போனாள்.

நவ்ஷாத் இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் இந்தப் பக்கம் வருகிறார். அரிக்கிறதா என்று கேட்பதோடு விடுவதில்லை. கம்பெனி பூட்டியிருந்தபோது நின்றதா என்று கேட்கிறார். நிற்கவில்லை என்றவர்களை அன்றைக்கே ரத்தப் பரிசோதனைக்கு அனுப்புகிறார். அப்படி இரண்டு பேருக்கு இந்த நோய் தெரியவந்தது. ஆனைக்குட்டத்துக்காரி ஒருத்தி அறுவை முடிந்து வீட்டில் இருக்கிறாள். நாரணாபுரத்துக்காரருக்கு அப்போதும் பிந்திவிட்டது.

ஊர்க்காவலன் மாடத்தி வேலை பார்த்த அதே கம்பெனியில் லோடு ஏற்றுகிறான். டாக்டர் நவ்ஷாத் மதுரையில் அதே ஆஸ்பத்திரியில் இருக்கிறார்.