சத்தம் நின்ற பிறகு வந்த வாசிப்பு

மூன்றாம் வகுப்பு படிக்கும் என் மகள் ஷிபா, எழுத்துக்கூட்டி வாசிக்கத் திணறுவாள். டீச்சர் சொன்னபடி, கம்ப்யூட்டரில் வாசிப்புப் பயிற்சி ஒன்றைப் போட்டுக் கொடுத்தோம். அது ஒரு வரியைக் காட்டி, வாசிக்கும். இவள் தப்பில்லாமல் திருப்பிச் சொன்னால் திரையில் நட்சத்திரம் விழும். நட்சத்திரங்கள் குவியவும், என் வீட்டுக்காரர், அதாவது அவள் அத்தா, திண்டுக்கல்லில் இருக்கும் எங்கள் பிரியாணிக் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் சந்தோஷத்தில் அல்வா வழங்கினார்!

மறுவாரமே ஸ்பீக்கர் பழுதானது. வரி திரையில் தெரிந்தும் ஷிபா வாயே திறக்கவில்லை.

"அது சொல்லலையேம்மா, நான் எப்படிச் சொல்றது?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மதரஸாவில் கேட்டுக் கேட்டே ஓதப் பழகிய பிள்ளை, இங்கேயும் காதால்தான் வாசித்திருக்கிறாள்!

ஸ்பீக்கரைச் சரிசெய்தும், இப்போதெல்லாம் முதலில் சத்தத்தை நிறுத்திவிடுகிறேன். அவளாக வாசித்த பிறகுதான் சத்தம். நேற்று ஒரு வரியைத் தட்டுத்தடுமாறி முடித்தவள், தானே சத்தத்தைப் போட்டு, தலைசாய்த்துக் கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"கம்ப்யூட்டரும் சரியாத்தாம்மா வாசிக்குது!"