சேலாவுக்கு நான் சொன்ன அர்த்தம்

ஜொகூரில், தெப்ராவ் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் எனக்குப் பால் நிறுக்கிற வேலை. எழுத்துக் கூட்டிப் படிக்க நானாகவே கற்றவன் என்பதால், ஞாயிற்றுக்கிழமை ஜெபக்கூடத்தில் பைபிளின் சங்கீதம் வாசிப்பதும் என் தலையில் விழுந்தது. சில வசனங்களின் கடைசியில், அடைப்புக்குறிக்குள் ‘சேலா’ என்றொரு சொல் நிற்கும். நான் அதை ராகமாக இழுப்பேன். ஜனங்கள் எல்லாரும் ‘சேலா!’ என்று கூரைத் தகரம் அதிர முழங்குவார்கள். உலகத்தில் எல்லாக் கோயிலிலும் அப்படித்தான் என்று நினைத்திருந்தோம்.

பால்வெட்டுக்காரப் பெண் ஒருத்தி ஒருநாள், “அண்ணே, அப்படின்னா என்ன?” என்று கேட்டாள். தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

“கேட்டேன், தந்தேன்னு ஆண்டவர் சொல்ற பதில், தங்கச்சி” என்றேன். அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்து நானே அதை நம்பிவிட்டேன்.

பிறகு அவள் புருஷன் காய்ச்சலில் விழுந்தான். கொய்னா மருந்து கொடுத்தும் காய்ச்சல் இறங்கவில்லை. ஜொகூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லி, தோட்டத்து மருந்தகத்தைப் பார்த்துக்கொள்ளும் டிரெஸ்ஸர் ஞாயிற்றுக்கிழமைக்கு மாட்டுவண்டியும் பேசிவைத்தார். அன்று ஆராதனை முடிந்ததும் அவள் வாசலில் என்னைப் பிடித்தாள்.

“இன்னைக்கு மூணு சேலா, மூணு தரம் பதில் வந்துடுச்சு அண்ணே. இனி எதுக்கு ஆஸ்பத்திரி? வண்டி வேணாம்னு அனுப்பிட்டேன்.”

சந்தோஷமாகத் தலையாட்டினேன். ஆம், தலையாட்டினேன்.

அன்றைய ஆராதனைக்குச் சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த போதகர் என் வீட்டில் காப்பி குடித்துக்கொண்டே, “என்னய்யா, பட்டாளம் மாதிரி சேலா போடுறீங்க?” என்று சிரித்தார். பெருமையாக அர்த்தத்தைச் சொன்னேன். அவர் சிரிப்பு நின்றது.

“யார் சொன்னது? பழைய எபிரேய வார்த்தை அது. வாத்தியக்காரங்களுக்கு ‘இங்க நிறுத்து’ன்னோ ‘இங்க உரக்க வாசி’ன்னோ எழுதிவச்ச குறிப்பா இருக்கலாம். அதுவும் யூகந்தான். நிச்சயமா யாருக்கும் தெரியாது.”

மேளக்காரனுக்கு எழுதிய குறிப்பா! அவள் குடியிருந்த லயத்து வீட்டுக்கு ஓடினேன். அவள் புருஷன் பாயில் கண் செருகிப் பிதற்றிக்கொண்டிருந்தான். மூச்சு வாங்க அவளிடம் எல்லாவற்றையும் கொட்டினேன்.

அவள் அழவில்லை. வெறித்துப் பார்த்தாள்.

“தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்ல வலிச்சுதா அண்ணே? அதை நம்பி நான் ஆளையில்ல பாயில போட்டு வச்சிருக்கேன்!”

“ஆஸ்பத்திரிக்குப் போனவன் எவன் லா திரும்பி வந்தான்?” என்றான் பக்கத்து வீட்டுக்காரன்.

“நீ வாய மூடு!” என்றவள் என் பக்கம் திரும்பினாள். “நீங்க நின்னு முழிக்காதீங்க. வண்டியப் பிடிங்க!”

வண்டிக்காரன் காலில் விழாத குறையாகக் கெஞ்சி அவனை அழைத்துவந்தேன். ஆஸ்பத்திரி வரை வண்டிக்குப் பின்னாலேயே நடந்தேன்.

பல வாரம் கழித்து அவள் புருஷன் எலும்பும் தோலுமாக, ஆனால் உயிரோடு வந்தான். அடுத்த ஞாயிறு நான் புத்தகத்தைத் திறக்கும்போது அவள் எழுந்து நின்றாள்.

“இன்னைக்கு வாசிக்கிறதுல எது உங்களுக்குத் தெரியும், எது தெரியாது? மொதல்ல அதச் சொல்லுங்கண்ணே.”

யாரும் சிரிக்கவில்லை. தெரியாதவற்றை ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தேன். வெகுநேரம் பிடித்தது.