அக்கா போட்ட சீனி

மண்ணெண்ணெய் கிடைக்காமல் தண்ணீர் இறைக்கும் மெசின் நின்றுபோன காலம் அது. வெங்காயத் தோட்டத்துக்குக் கிணற்றுத் துலாவில் இறைத்து இறைத்தே என் தொந்தி கரைந்தது, தோள் இறுகியது. சீனியை விடச் சொல்லியிருந்தார் டொக்டர். கடையில் சீனியே இல்லாததால் அதையும் விட்டிருந்தேன். ஆசை மட்டும் நாக்கை விட்டுப் போகவில்லை.

அளவெட்டியில் இருந்த அக்காவைப் பார்க்கச் சைக்கிளில் போனேன். கண்டதும் அவளுக்குக் கண் கலங்கியது.

"என்னடா, இப்பிடி வத்திப்போனாய்?"

என் தேத்தண்ணீரில் இரண்டு கரண்டி சீனி போட்டாள். அவளும் அத்தானும் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறும் தேத்தண்ணீர் குடித்தார்கள்.

"டொக்டர் சீனி வேண்டாமெண்டவர், அக்கா."

"ஓம், இப்ப வாற ஆக்களெல்லாம் இதைத்தான் சொல்லினம்."

வீட்டுக்காரரின் சீனியை மிச்சம்பிடிக்க விருந்தாளிகள் சொல்லும் பொய் அது. எனக்கு எரிச்சல் வந்தது. சட்டைக் கையைச் சுருட்டி, புயத்தை முறுக்கிக் காட்டினேன். அமத்திப் பார்த்தாள்.

"வெறும் எலும்படா."

போய், போத்தலில் கிடந்த மிச்சச் சீனியையும் எடுத்து வந்தாள். வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் கை கோப்பையை நீட்டிவிட்டது.