மச்சான் வயிற்றிலிருந்த ஊர்

என் மச்சான் ஓர் அலுவலகக் கட்டடத்தில் லிப்ட் ஓட்டுபவன். எனக்குத் தெரிந்து அவன் செய்வதெல்லாம் பொத்தானை அமுக்கிவிட்டுக் கனவு காண்பதுதான். மூன்றாம் மாடி கேட்டவர்களை ஐந்தாம் மாடியில் இறக்கிவிடுவான். "ஜன்னலே இல்லாத பெட்டி மாமா. கதவு திறக்கறப்போ வெளிய கடல் இருந்தாலும் இருக்கலாம் இல்ல?" என்பான். வெளியே இருந்ததெல்லாம் காப்பி மெஷினும் மேலாளரின் முறைப்பும்தான்.

அவனுடைய அக்காதான் என் மனைவி. நெஞ்சுச் சளிக்குக் கொடுத்த ஆன்டிபயாடிக் மாத்திரைகள் சளியோடு சேர்த்து அவள் குடலிலிருந்த நல்ல கிருமிகளையும் வழித்துத் துடைத்துவிட்டன. காலியான இடத்தில் ஒரு கெட்ட கிருமி குடியேறியது. மருந்து கொடுத்தால் பதுங்கும், நிறுத்தினால் திரும்பி வரும். கட்டிலுக்கும் கழிப்பறைக்கும் நடந்தே அவள் நூலாக இளைத்தாள். தூங்கும்போது மூச்சு வருகிறதா என்று குனிந்து பார்ப்பேன். அவள் போய்விடுவாள் என்ற பயம் என்னை விடவே இல்லை.

மருத்துவர் ஒரு வழி சொன்னார். ஆரோக்கியமான ஒருவரின் மலத்தை எடுத்துச் சுத்தம் செய்து, அதிலுள்ள நல்ல கிருமிகளைக் குழாய் வழியாக அவள் குடலில் விடலாம். என்னைச் சோதித்தார்கள், நான் தேறவில்லை. மச்சானைச் சோதித்துவிட்டு, "இவர் வயித்துக்குள்ள ஒரு ஊரே இருக்கு!" என்று வியந்தார் மருத்துவர். அவ்வளவுதான், இவனுக்குக் கனவு காண ஓர் ஊர் கிடைத்துவிட்டது. லிப்டில் நின்றபடி வயிற்றைத் தடவிக்கொள்வான். உள்ளே சின்னச் சின்ன விளக்குகள் எரிகின்றனவாம். பெட்டி படுக்கையோடு எல்லோரும் அக்கா வீட்டுக்குக் கிளம்பக் காத்திருக்கிறார்களாம்.

ஆனால் என் மனைவி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "சீ! தம்பியோடதையா? அதுக்கு நான் செத்தே போறேன்."

மச்சான் கட்டிலோரம் உட்கார்ந்தான். "அம்மா போனப்போ எனக்குப் பல்லுகூட முளைக்கல. ரொட்டியை நீ மென்னு மென்னு ஊட்டினேன்னு அப்பா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரே. நான் சீன்னு துப்பினேனா? உன் வாயிலேர்ந்து வந்தவங்க எத்தனை பேர் எனக்குள்ள இருக்காங்களோ. அவங்களைத் திருப்பி அனுப்பறேன்க்கா, அவ்வளவுதான்."

இது உண்மையா என்று மருத்துவரைக் கேட்டேன். "இருக்கலாம், நிச்சயமா சொல்ல முடியாது" என்றார். என் மனைவிக்கு அந்த 'இருக்கலாம்' போதுமாக இருந்தது.

உணவு ஆலோசகர் மச்சானுக்கென்றே ஒரு சாப்பாட்டு முறை வகுத்தார். பயறு, கீரை, தோலோடு பழம். "இது இவருக்கு மட்டும்தான். ஒரே பழம் உங்க உடம்புல வேற மாதிரி வேலை செய்யும்" என்று எனக்கு எச்சரிக்கை வேறு. மச்சான் ஒழுங்காகச் சாப்பிட்டான். குறித்த நாள் காலையில் மருத்துவமனைக் கழிப்பறைக்குள் போனவன் வெகுநேரம் வெளியே வரவில்லை. வந்தபோது கையிலிருந்த டப்பா காலி.

"முந்தாநாள்லேர்ந்து ஒண்ணும் சாப்பிடல மாமா. அக்காவுக்குக் குடுக்கறது, சுத்தமா குடுக்கணுமேன்னு..."

தலையில் அடித்துக்கொண்டேன். "மடையா, பட்டினி கிடந்தா யாரைடா ஏத்தி அனுப்புவே?" நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கு அழுகைதான் வந்தது. இனி அதிகம் தாமதிக்க முடியாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

விஷயத்தைக் கேட்ட என் மனைவி மருத்துவமனைக் கட்டிலில் மெல்ல எழுந்து உட்கார்ந்தாள். தொடாமல் வைத்திருந்த தன் தட்டைப் பக்கத்தில் இழுத்தாள்.

"வாயைத் திறடா."

ஸ்பூனால் ஊட்டினாள். பாதி அவன் சட்டையில் சிந்தியது. தட்டு காலியாகும்வரை அவள் விடவில்லை, அவனும் வாயை மூடவில்லை. மறுநாள் டப்பா காலியாக இல்லை. அதை நர்ஸ் எடுத்துப் போனபோது நான் எழுந்தே நின்றுவிட்டேன்.

குழாய் வழியாக அவள் குடலில் அதைச் செலுத்தியபின் ஒரு மத்தியானம், நாற்காலியில் கண்ணயர்ந்திருந்தேன். யாரோ சட்டையை இழுத்தார்கள்.

"பசிக்குதுங்க."

எத்தனை காலத்துக்குப் பிறகு அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை! கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மச்சானுக்குப் போன் போட்டேன்.

"ஊர்க்காரங்க வீடு சேர்ந்துட்டாங்க மாமா" என்றான். பிறகு, "என்ன வேணுமாம்?"

"ரொட்டி கேக்கறா."

மூக்கை உறிஞ்சும் சத்தமும், பின்னால் யாரோ மூன்றாம் மாடி தாண்டிவிட்டதென்று கத்துவதும் மட்டும் கேட்டன.