கோழிக்காரியின் பக்கத்து இடம்

எங்கள் காம்பவுண்டில் கடைசி வீட்டுத் தையல்காரர் மகளைத் தெருவே கோழிக்காரி என்றுதான் கூப்பிடும். இப்போது அவளுக்கு முப்பது தாண்டிவிட்டது. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை, வீட்டில் புருஷன், பிள்ளை எல்லாம் ஆயிற்று. பேர் மட்டும் போகவில்லை. புதிதாகக் குடிவருகிறவர்கள் முட்டை கேட்டு அவள் கதவைத் தட்டுவார்கள். அவள் கோழி வளர்த்ததே இல்லை. வளர்த்தது சுவர்க்கோழி. சுவர் இடுக்கில் உட்கார்ந்து கிரீச் கிரீச் என்று கத்தி ஆளைத் தூங்கவிடாதே, அந்தப் பூச்சி.

நான் பள்ளிக்கூடத்தில் படித்தவள் இல்லை, பெருக்கினவள். புருஷன் போன பிறகு அவள் படித்த பள்ளியிலேயே எனக்கு ஆயா வேலை கிடைத்தது. அதனால் இந்தக் கூத்தில் பாதியை வீட்டில் பார்த்தேன், பாதியை வகுப்பில் பார்த்தேன்.

எட்டாம் வகுப்பு படிக்கும்போது தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் அதைப் பிடித்தாள். அவள் அப்பா ஊசியைச் சுடவைத்து ஒரு பிளாஸ்டிக் டப்பா மூடியில் துளை போட்டுக் கொடுத்தார். தின்ன வெள்ளரித் துண்டு, குடிக்க நனைத்த பஞ்சு, படுக்கக் கிழித்த அட்டை. எனக்கு அந்த வசதி இருந்ததில்லை.

"ஆண் பூச்சி மட்டும்தான் கத்தும் பெரியம்மா" என்று எனக்கு விளக்கினாள்.

"எங்க வீட்ல இருந்ததும் அதே ரகம்தான்" என்றேன்.

அவள் அம்மா டப்பாவைச் சாக்கடையில் கொட்டிவிடுவதாக மிரட்டியதால் அதைப் பையில் போட்டுப் பள்ளிக்குக் கொண்டுபோக ஆரம்பித்தாள். முதல் நாளே அது கத்தியது. அன்றோடு அவள் மானம் போயிற்று. முட்டை விட்டதா, குஞ்சு பொரித்ததா என்று கேள்வி. அவள் கடந்து போனால் எல்லாரும் உடம்பைச் சொறிந்துகொள்வார்கள். இதையெல்லாம் ஆரம்பித்து வைத்தது வகுப்பு லீடர். ஒட்டடைக்குச்சி மாதிரி உயரம், உயரத்துக்கு ஏற்ற வாய்.

இரண்டு பேர் உட்காரும் பெஞ்சு அவளுடையது, வாசலை ஒட்டி இருந்தது. பக்கத்தில் இருந்தவள் டீச்சரிடம் சொல்லி இடம் மாறிக்கொண்டாள். அந்தக் காலி இடத்தில் இவள் பையை வைத்தாள், யாராவது வந்து கேட்டால் இடம் இல்லை என்று சொல்லலாமே. யாரும் கேட்கவில்லை. நான் பெருக்கப் போகும்போதெல்லாம் அந்தப் பை பெரிய மனுஷி மாதிரி உட்கார்ந்திருக்கும்.

பூச்சியை விட்டுத் தொலை, பக்கத்தில் ஆள் வரும் என்று நானும் சொல்லிப் பார்த்தேன்.

"அது இல்லன்னா மட்டும் வர்ற ஆளு எனக்கு எதுக்கு?" என்றாள். வீறாப்பாகத்தான் சொன்னாள். கண் மட்டும் பையின் மேல் இருந்தது.

கணக்கு டீச்சருக்கு மட்டும் விஷயம் தெரியாது. மின்விசிறிதான் கிரீச்சிடுகிறது என்று நம்பி ஆளை வரவழைத்தார். ஏணியைத் தரையில் இழுத்துவந்த அதிர்வில் பூச்சி வாயை மூடிக்கொண்டது. அந்த ஆள் எண்ணெய் விட்டு இறங்கி, சரியாகிவிட்டது என்று பெருமையாகப் போனார். மறுநாள் மறுபடி கிரீச். மறுபடி ஏணி. பிள்ளைகள் ஒருத்தியும் காட்டிக்கொடுக்கவில்லை. இவள் மேல் பாசம் ஒன்றும் இல்லை, ஏணி வந்தால் கணக்கு நடக்காது.

அப்போதுதான் லீடர் ஒன்றைக் கவனித்தாள். பிள்ளைகள் சத்தம் பூச்சிக்குப் பழகிப்போயிருந்தது. ஆனால் கணக்கு டீச்சர் நல்ல வாட்டசாட்டம், குதிகால் செருப்பு வேறு. அவர் வராந்தா முனையில் திரும்பினாலே தரை அதிர்ந்து பூச்சி கப்சிப் ஆகிவிடும். அவர் வகுப்புக்கு வருவதற்குள் எல்லாரும் புத்தகத்தைத் திறந்துவைத்து நல்ல பிள்ளை ஆகிவிடலாம்.

இப்படி ஒரு காவல்காரன் கிடைத்தால் விடுவார்களா? லீடர் நேராக வந்து, "பையை எடுடி" என்று சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்தால்தான் நன்றாகக் கேட்குமாம். பிறகு ஆளாளுக்கு முறை போட்டு உட்கார்ந்தார்கள். அவரவர் வீட்டிலிருந்து வெள்ளரி வந்தது. கோழிக்காரி என்று கூப்பிடுவதை மட்டும் விடவில்லை.

ஒருநாள் நான் ஈரத்துடைப்பத்தோடு உள்ளே போனபோது லீடர் வயிற்றில் பையைக் கட்டிக்கொண்டு டீச்சர் மாதிரி நடந்து காட்டிக்கொண்டிருந்தாள். பூச்சி பாட்டுக்குக் கத்திக்கொண்டிருந்தது. தரை துடைக்கும்போது நான் செருப்புப் போடுவதில்லை.

"உங்க காவல்காரன் தூங்கிட்டான் போல" என்றேன்.

"நீங்க செருப்பு போட்டுக்கிட்டு வாங்க ஆயா" என்று என்னையே கோபித்துக்கொண்டாள்.

சுவர்க்கோழிக்கு ஆயுசு குறைச்சல். ஒருநாள் சாயங்காலம் டப்பாவைத் திறந்தால் அட்டை மேல் விறைத்துக் கிடந்தது. கொட்டிவிடுவேன் என்று மிரட்டிய அம்மா, வாங்கிவந்த வெள்ளரிக்காயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் காலையில் நான் வகுப்பைத் திறக்கும்போதே கோழிக்காரி வந்துவிட்டாள். யாரும் வருவதற்கு முன்னால் பக்கத்து இடத்தில் பையைத் தூக்கி வைத்தாள்.

"யாரும் ஒன்னும் சொல்றதுக்கு முன்னாடியே ஏன்டி இடத்த மூடுற?" என்று கேட்டேன்.

"அவங்க எந்திரிச்சுப் போறத நான் பாக்க வேணாம், பெரியம்மா."

அவள் பெஞ்சுக்கு அடியில் மட்டும் இரண்டு தரம் பெருக்கினேன். நான் அப்படிச் செய்வது அபூர்வம்.

பூச்சி செத்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அன்றைக்கு முறைக்காரி பையைப் பார்த்துவிட்டுத் தன் பழைய இடத்துக்கே போனாள், கிரீச் சத்தம் இல்லாததை யாரும் கவனிக்கவில்லை. லீடர் மறுபடி டீச்சர் நடையை நடந்து காட்ட, டீச்சரே வாசலில் வந்து நின்றார். லீடரைப் பாடம் முடியும்வரை வெளியே நிற்கவைத்தார். நான் வராந்தாவைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். ஜன்னல் வழியாக லீடர் அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள், பூச்சி கத்தாதது அப்போதுதான் உறைத்தது போல. பிறகு என்னிடம் காலித் தீப்பெட்டி ஒன்று கேட்டாள். டீ போடும் அறையிலிருந்து கொடுத்தேன். எதற்கு என்று கேட்கவில்லை. அவள் சாக்கடை ஓரம் குனிந்து எதையோ துரத்தியதைப் பார்த்தேன்.

மணி அடித்ததும் உள்ளே போனாள். பையைத் தூக்கித் தானே கீழே வைத்துவிட்டுத் தீப்பெட்டியை நீட்டினாள்.

"இது கத்துமா?"

கோழிக்காரி திறந்து பார்த்தாள். "இது கரப்பான்பூச்சி. கத்தாது."

"அப்ப என்னதான் செய்யும்?"

"ஒன்னும் செய்யாது."

லீடர் தீப்பெட்டியை மூடிப் பெஞ்சில் வைத்தாள். "சரி, தள்ளி உக்காரு."

அந்தக் கரப்பான் தீப்பெட்டியைக் கடித்துக்கொண்டு வெளியே வந்து டீ அறையில் குடும்பம் நடத்தியது. அதன் வம்சத்தை அடித்துக் கூட்டியள்ளியது நான்தான். இரண்டு பேரில் ஒருத்திகூட எனக்கு நன்றி சொல்லவில்லை. இப்போதும் லீடர் வந்தால் கேட்டிலிருந்தே முட்டை விட்டதா என்று கத்துகிறாள். அவளுக்கு நாற்காலி போட்டால் உட்காருவதில்லை. கோழிக்காரியின் கட்டிலில் கிடக்கும் பையைத் தள்ளிவிட்டு அவள் பக்கத்தில்தான் உட்காருவாள்.