அப்பா வரைந்த வாக்குத்தத்த அட்டைகள்

நான் செய்த ஒரு தவறை அப்பா தம்முடையதாக ஏற்றுக்கொண்டார். கடைசி வரை யாரிடமும் என் பெயரைச் சொல்லவில்லை. ஏன்? அப்பா எங்களை விட்டுப் பிரிந்த இந்த நாற்பது நாட்களாக இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நினைவு மலரில் இதை எழுதுவது சரியா என்று அம்மாவிடம் கேட்டேன். "மனசுல வச்சிக்கினு தினம் அழுவுறதுக்கு, எழுதிடு" என்றார்கள்.

அப்பா பூந்தமல்லியில் பிறந்தவர். பள்ளிப் படிப்பு முடியும் முன்பே தந்தையை இழந்தார். இரண்டு தங்கைகளுக்கும் மணமுடித்த பிறகே தம் திருமணத்தைப் பற்றி யோசித்தார். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையில் டிராஃப்ட்ஸ்மேனாகச் சேர்ந்து, இயந்திரங்களின் வரைபடங்களை வரைந்து, அங்கேயே ஓய்வும் பெற்றார். மண்ணூர்பேட்டை வாடகை வீட்டில் நான் வளர்ந்த காலத்தில், அப்பா ஒரு பூவையோ பறவையோ வரைந்து நான் பார்த்ததில்லை. வரைவது அவருக்கு வேலை, அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன்.

காட்டுப்பாக்கத்தில் வீடு கட்டிக் குடிவந்ததும் இனி ஓய்வெடுப்பார் என்று எதிர்பார்த்தோம். செம்பரம்பாக்கம் பக்கத்தில் ஒரு சிறிய சபை இருந்தது. ஆயர் மாதம் ஒரு ஞாயிறுதான் அங்கே வர முடியும். மற்ற ஞாயிறுகளில் ஆராதனை நடத்த ஆளில்லை. அப்பா தம்மைவிட முப்பது வயது இளையவர்களோடு பயிற்சி வகுப்பில் உட்கார்ந்து, தேர்வு எழுதி, அந்தச் சபையின் உபதேசியார் ஆனார். அவருடைய முதல் பிரசங்கத்தை முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டேன்.

தொழிற்சாலை நண்பர்களும் இதைப் படிப்பீர்கள் என்பதால் ஒன்றைச் சொல்ல வேண்டும். புத்தாண்டு அன்று எங்கள் ஆலயங்களில் ஒரு தட்டில் வசன அட்டைகளைக் கவிழ்த்து வைப்பார்கள். கண்ணை மூடி ஒன்றை எடுக்க வேண்டும். அதில் இருப்பதே அந்த ஆண்டுக்குக் கடவுள் நமக்குத் தரும் வாக்குத்தத்தம். அச்சடித்த அட்டைகளை வாங்காமல் தாமே வரைந்தால் என்ன என்று அப்பாவுக்குத் தோன்றியது. அக்டோபரிலிருந்தே வீடு வீடாகப் போவார், உட்கார்ந்து பேசுவார். வந்து அந்த வீட்டின் பொருளையே வரைவார்: ஒருவருக்குத் தையல் இயந்திரம், இன்னொருவருக்குச் சினை மாடு. மேலே பெயர், கீழே அவர்களுக்காகவே தேர்ந்தெடுத்த வசனம். ஷேர் ஆட்டோ ஓட்டும் தாஸ் அண்ணன் தம் அட்டையைப் பார்த்துவிட்டு, "இன்னா உபதேசியாரே, நம்பர் பிளேட்டு வரைக்கும் போட்டுகினு கீறீங்க. போலீஸ்காரன் பார்த்தா இதுக்கும் ஃபைன் போட்ருவான்" என்றார். அப்பா அன்று சிரித்ததுபோல் தொழிற்சாலை நாட்களில் சிரித்து நான் கண்டதில்லை.

மூன்றாம் ஆண்டில் அப்பாவின் எழுத்து கோணத் தொடங்கியதால் வசனங்களை நான் எழுதிக் கொடுத்தேன். அதே சபையைச் சேர்ந்த ஸ்டெல்லா அக்காவின் கணவர் அப்போது சிறுநீரகம் செயலிழந்து படுத்திருந்தார். துன்பத்தில் கடவுள் உடனிருப்பார் என்னும் வசனத்தை அப்பா குறித்து வைத்திருந்தார். என் மகள் குறைமாதத்தில் பிறந்து, கண்ணாடிப் பெட்டியில் இருந்து மீண்டு வந்த ஆண்டு அது. யாருக்கும் கெட்டது நடக்கக் கூடாது என்று தவித்துக்கொண்டிருந்தேன். "பாவம்ப்பா, சுகமாகும்னு ஒரு வசனம் போடலாமே" என்றேன். அப்பா தயங்கினார். நான் அதற்குள் எழுதிவிட்டேன். அவர் அதைக் கிழிக்கவில்லை.

பிப்ரவரியில் அக்காவின் கணவர் இறந்துபோனார். அடக்கம் முடிந்த வாரம் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்து, வாசலில் நின்றபடியே அட்டையை நீட்டினார்.

"இத நீங்களே வச்சிக்கோங்க. தட்டுலர்ந்து நானா எடுத்திருந்தா ஆண்டவராண்ட சண்டை போட்டிருப்பேன். நீங்க பேரு போட்டுக் குடுத்தீங்களே, நான் யாராண்ட போய்க் கேக்குறது?"

அப்பா இரண்டு கைகளாலும் அதை வாங்கிக்கொண்டார். "என் தப்புதாம்மா" என்றார். நான் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னால்தான் நின்றேன். வாய் திறக்கவில்லை.

அதன் பிறகு செவ்வாய்க்கிழமைதோறும் அப்பா அக்காவின் வீட்டுக்குப் போனார். ஜெபம் பண்ணட்டுமா என்றுகூடக் கேட்க மாட்டாராம். சற்று நேரம் உட்கார்ந்துவிட்டு வருவார். நான்கு மாதம் கழித்து அக்கா ஒரு டம்ளர் டீ கொடுத்தார் என்பதை எங்களிடம் பெரிய செய்தியாகச் சொன்னார்.

இந்த ஆண்டு வழக்கத்துக்கு முன்பே அட்டைகளை வரைந்து முடித்துவிட்டார். படமும் பெயரும் உண்டு. வசனத்துக்கான இடத்தை எல்லாவற்றிலும் காலியாக விட்டிருந்தார். பிறகு எழுதுவதற்கா, எழுதவே வேண்டாம் என்றா, நான் கேட்கவில்லை. அக்டோபர் கடைசியில் நெஞ்சுவலி வந்து, மூன்றாம் நாள் மருத்துவமனையில் அமைதியாகக் கண் மூடினார்.

அந்த மூன்று நாளும் ஆட்டோவை ஓரங்கட்டிவிட்டு எங்களோடு இருந்த தாஸ் அண்ணனுக்கும், அடக்க ஆராதனையை நடத்திய ஆயருக்கும், என் மகளைத் தங்கள் வீட்டில் வைத்துச் சோறூட்டிய பக்கத்து வீட்டாருக்கும், எஸ்டேட்டிலிருந்து திரண்டு வந்த அப்பாவின் நண்பர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

இதை அச்சுக்குக் கொடுக்கும் முன் ஸ்டெல்லா அக்காவிடம் போய்ப் படித்துக் காட்டினேன். அக்கா முழுவதும் கேட்டார்.

"எனக்கு அப்பவே தெரியும்மா. உங்கப்பா எங்க ஊட்டுக்காரர வந்து பார்த்தவரு. அவரு அந்த வசனத்த எடுத்திருக்க மாட்டாரு. என் பேரப் போட்டுக்கோ, பரவால்ல. இந்த வருசத்து கார்டுலயும் நீயே எழுதிக் குடு."

அக்காவின் அட்டையில் அப்பா வரைந்திருப்பது இரண்டு நாற்காலிகளும் ஒரு டீ டம்ளரும். அதன் கீழே என்ன எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. பேனாவை எடுத்தாலே பயமாக இருக்கிறது. நான் தேர்ந்தெடுக்கலாமா, வசனங்களைத் தட்டில் போட்டுக் குலுக்கி ஒன்றை எடுக்கலாமா, காலியாகவே கொடுத்துவிடலாமா? இந்த மலரைப் பெற்றுக்கொள்ளும் உங்களில் பலர் கணவரையோ மனைவியையோ பிள்ளையையோ இழந்தவர்கள். அந்த நாட்களில் யார் சொன்ன எந்த வார்த்தை உங்களுக்கு வலிக்காமல் இருந்தது? தயவுசெய்து எனக்குச் சொல்லுங்கள். புத்தாண்டுக்கு முன் எழுதி முடிக்க வேண்டும்.