பின்னால் நடந்த ஓவியர்

குடவாசல் பக்கம் என் வயலோரத்து மோட்டார் கொட்டகைச் சுவரில் படம் வரையலாமா என்று கேட்டு ஓர் ஓவியர் வந்தார். நாற்பது வயதுப் பெண்மணி; பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டி, காதில் பென்சில் செருகியிருந்தார். வெறும் சுவர்தானே என்று சரி சொன்னேன்.

நாலு இழுப்பு இழுத்ததும், ஒரு கண்ணை மூடி, சுவரில் வரைந்த கொக்கைப் பார்த்தபடியே பின்னால் நடப்பது அவர் பழக்கம். பின்னால் ஒரு வரப்பு. அதையும் தாண்டினால் முந்தாநாள் நட்ட என் குறுவை. மத்தியானத்துக்குள் மூன்று தடவை நாற்றை மிதித்துவிட்டார்.

"நட்ட வயலுங்க அது! வரப்புலயே நின்னு பாருங்களேன்" என்று கத்தினேன்.

"வரப்புலேருந்து பாத்தா கொக்கு சும்மா நிக்குதுங்க. இங்கேருந்து பாத்தாத்தான் பறக்குது. நீங்களே வந்து பாருங்க" என்றார், சேற்றில் நின்றபடி.

கோபத்தோடுதான் இறங்கினேன். பறந்தது.

அவர் போன மறுநாள், மிதிபட்ட இடத்தில் மறுபடி நாற்று ஊன்ற வந்த பெண்களிடம், "அந்த ரெண்டடிய மட்டும் விட்டுடுங்க" என்றேன். வரப்பில் ஒரு சாண் வெட்டிவிட்டார் என்று பக்கத்து வயல்காரரோடு இரண்டு வருடமாகப் பேசாதவன் நான். எனக்கு என்ன ஆயிற்றென்று எனக்கே விளங்கவில்லை.

நேற்றுக் காலை போனால், அந்த ரெண்டடியில் பக்கத்து வயல்காரர் நிற்கிறார், ஒரு கண்ணை மூடிக்கொண்டு.